நூல் நிலையச் சிப்பந்தியும் புதிய கருவிகளும்

சென்ற மாதம் ஒரு வழக்கு விஷயமாக நாம் பக்கத்து ஜில்லாவிலுள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கோர்ட்டு கூடுவதற்கு இன்னும் ஒரு மணி நேரத்திற்கு மேல் இருந்தபடியால், அவ்வூர்க் கிளை நூல் நிலையத்திற்குள் நுழைந்தோம். ஓட்டுக் கட்டடம், நீண்ட மேஜை, அதன்மேல் அன்றைய பத்திரிகைகள். நமது பத்திரிகையும் அவற்றிடையே இருந்ததைச் சற்றுக் கர்வத்துடனேயே குறிப்பிடுகிறோம். மூலையில் ஒரு கம்ப்யூட்டர். பூப்போட்ட துணியொன்றினால் தலை முதல் அடிவரை போர்த்தப்பட்டு, நவராத்திரி முடிந்து படுக்க வைத்த கொலுப்பொம்மையைப்போல் அது உறங்கிக் கொண்டிருந்தது.

நாம் உட்கார்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் ஒரு பெண் கையில் காகிதக் கட்டுடன் வந்தாள். ஏதோ ஒரு பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப மறுநாளே கடைசி நாளாம். இங்கே கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யலாமா என்று கேட்டாள். நூல் நிலையத்தை நிர்வகிப்பவர் ஐம்பது வயதைக் கடந்தவர். அவர் மூலையை ஒருமுறை பார்த்தார், பிறகு, “அம்மா, கடைத்தெருவில் பிரௌசிங் சென்டர் இருக்கிறது, அங்கே போ” என்றார். அவள் போய்விட்டாள்.

அவர் சோம்பேறியல்லர். வேளாண்மை பற்றிய பழைய புஸ்தகம் ஒன்றை நாம் கேட்டபோது, பட்டியலைப் புரட்டாமலே எழுந்து சென்று இரண்டே நிமிஷத்தில் கொண்டுவந்து கொடுத்தார். ஆகவே, யந்திரம் ஏன் இப்படிப் போர்த்திக் கிடக்கிறது என்று நாம் விசாரித்தோம்.

“ஐயா, கற்றுக்கொள்ள எனக்கு ஆசை இல்லாமலில்லை. ஆனால் நாள் பூராவும் இங்கே நான் ஒருவன்தான். எதையாவது தப்பாக அழுத்தி யந்திரம் கெட்டுப்போனால் யாரிடம் போய்ச் சொல்வேன்? சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் என்ன செய்வேன்? இரண்டு வருஷத்திற்கு முன் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். முன்னால் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். மத்தியானச் சாப்பாடு நன்றாயிருந்தது” என்றார்.

அவருடைய வாக்குமூலத்தில் பொய் ஒன்றுமில்லை. நாம் அதைப் பல நாள் சிந்தித்துப் பார்த்தோம். யந்திரம் வந்து சேர்ந்துவிட்டது. கற்க வேண்டியவருக்கு ஆசையும் இருக்கிறது. அவருக்குக் கிடைக்காதவை இரண்டு: கற்பதற்கு நேரம், தவறு செய்வதற்கு அனுமதி. இவ்விரண்டையும் கொடுக்க வேண்டியவர்கள் மேலதிகாரிகள். அவர்கள் கொடுக்காதவரையில், எத்தனை யந்திரங்களை வாங்கிக் குவித்தாலும் அத்தனைக்கும் துணி வாங்க வேண்டியதுதான்.

பழைய சங்கிலி

இந்தப் பயம் புதியதன்று. இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரத்து மாதாகோயிலில் பழைய நூல் நிலையம் ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு புஸ்தகமும் இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைக்கப்பட்டிருக்கும் காட்சியை இன்றும் காணலாம். கையால் எழுதிய ஏடு ஒன்றின் விலை மிகப் பெரிதாக இருந்த காலத்தில் தோன்றிய வழக்கம் அது. அச்சு யந்திரம் வந்து புஸ்தகங்கள் மலிந்த பிறகும் வெகுகாலம் அந்தச் சங்கிலி அறுபடவில்லை. பொருளைக் காப்பதே தன் கடமை என்று எண்ணும் காவலன், அப்பொருள் யாருக்கும் பயன்படாமல் இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்குவான்.

நமது டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ம் வருஷத்தில் வெளியிட்ட நூல் நிலைய விதிகள் ஐந்தில், புஸ்தகங்கள் உபயோகத்திற்கே என்பதை முதல் விதியாக வைத்தது இந்தக் காவல் மனோபாவத்தை உடைப்பதற்காகவே. கேட்பதற்கு வெகு சாதாரணமான வாக்கியம். ஆனால் காணாமற்போன புஸ்தகத்திற்குச் சிப்பந்தியே ஈடுகட்ட வேண்டுமென்று ஒரு நிர்வாகம் சொல்லுமானால், அந்த விதி அன்றே செத்துவிடுகிறது. சிப்பந்தி அலமாரியைப் பூட்டுவார். சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். கம்ப்யூட்டரின் மேலுள்ள பூப்போட்ட துணி, ஹெரிபோர்டுச் சங்கிலியின் பேரப்பிள்ளை என்றே நாம் கருதுகிறோம்.

சார்லட் நகரத்துச் சோதனை

இந்தப் பயத்தை ஒரு நூல் நிலையம் எவ்வாறு போக்கிற்று என்பதை நமது நேயர்கள் அறிந்திருத்தல் நலம். அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் சார்லட் என்னும் நகரம் இருக்கிறது. அந்நகருக்கும் மெக்லென்பர்க் என்னும் ஜில்லாவுக்கும் பொதுவான நூல் நிலையத்தில் 2006-ம் வருஷத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் ஊழியர்கள் இருந்தார்கள். இணையம் வேறு உருவம் எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. அதுவரை பிறர் எழுதியதைப் படித்துவந்த ஜனங்கள், தாங்களே எழுதவும், படங்களை ஏற்றவும், குரலைப் பதிவு செய்து அனுப்பவும் தொடங்கியிருந்தார்கள். நூல் நிலையத்திற்கு வரும் இளைஞர்கள் பேசும் பேச்சு மேஜைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை.

அங்கே தொழில்நுட்பப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஹெலீன் புளோவர்ஸ் என்ற அம்மையார், நிபுணர்களை அழைத்துச் சொற்பொழிவு செய்விக்கவில்லை. சிறுசிறு காரியங்கள் இருபத்துமூன்றை வரிசையாக வகுத்து, ஒன்பது வாரத்திற்குள் ஒவ்வொருவரும் தம் தம் இடத்திலிருந்தே தாமாகச் செய்து பார்க்க வேண்டுமென்று ஏற்பாடு செய்தார். நூல் நிலையத்துறை எழுத்தாளரான ஸ்டீபன் ஏப்ரம், ஒரு வருஷத்தில் தாம் செய்து பார்க்க விரும்பும் நாற்பத்துமூன்று காரியங்களைப் பற்றி எழுதிய கட்டுரையே இதற்குத் தூண்டுகோலாக இருந்தது.

முதற் காரியங்களில் ஒன்று, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பதிவு தொடங்குவது. கற்றதையும், கற்க முடியாமல் திணறியதையும் அதில் எழுதிவர வேண்டும். சொந்தப் பெயரில் எழுதக் கூச்சப்படுகிறவர் புனைபெயரில் எழுதலாம். பிறகு படங்களைச் சேமிக்கும் பிளிக்கர், சொந்தப் புஸ்தகங்களைப் பட்டியலிடும் லைப்ரரிதிங், பலர் கூடி எழுதும் விக்கி, செய்திகளைத் திரட்டித் தரும் சாதனங்கள், ஒலிப் புஸ்தகங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. வகுப்பறை கிடையாது, பரீட்சை கிடையாது. தெரியாதவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்க வேண்டும்; தெரிந்தவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். குறித்த காலத்திற்குள் முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவியொன்று பரிசாக அளிக்கப்பட்டது.

இந்தப் பாடத்தின் தொடக்கத்தில், ஆயுள் முழுவதும் கற்பவர்களுக்குரிய பழக்கங்கள் ஏழரை என்று ஓர் உபதேசம் இருந்தது. ஏழு பழக்கங்கள் முழுமையானவை. அரைப் பழக்கமாகக் கடைசியில் வைக்கப்பட்டது விளையாட்டு. நமது அபிப்பிராயத்தில் அந்த அரையே மற்ற ஏழையும் தாங்கி நிற்கிறது. விளையாடுகிறவனுக்குத் தோல்வியில் அவமானமில்லை. குழந்தை விழுந்து விழுந்து நடை பழகுவது, விழுந்ததற்காக அதன் சம்பளத்தில் யாரும் பிடிக்காததால்தான்.

புளோவர்ஸ் அம்மையாரின் பாடத் திட்டத்தை வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாமென்று அந்த நூல் நிலையம் பொதுவில் விட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தருகேயுள்ள யார்ரா பிளென்டி நூல் நிலையம் விரைவிலேயே அதைக் கைக்கொண்டது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நூல் நிலையச் சிப்பந்திகள் 2010-ல் அதைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். பல தேசங்களிலும் எத்தனையோ நூல் நிலையங்கள் அதைப் பின்பற்றின.

கருவி போகும், பழக்கம் நிற்கும்

இங்கே எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். “2006-ல் அவர்கள் கற்ற கருவிகள் இன்று எங்கே?” என்று. கேள்வி நியாயமானதே. பிளிக்கரும் லைப்ரரிதிங்கும் இன்னும் இருக்கின்றன. செய்திகளைத் திரட்டிய பிளாக்லைன்ஸ் இல்லை. அதே வேலைக்கு அநேகர் நம்பியிருந்த கூகிள் ரீடர் 2013-ல் மூடப்பட்டது. இப்படி மறைந்தவை பல. அப்படியானால் பாடம் வீணா?

வீணன்று என்பதே நமது வாதம். பாடத்தின் பொருள் பிளாக்லைன்ஸ் அன்று. முன்பின் அறியாத ஒரு கருவியின் முன் பயமின்றி உட்காருவதே. அதைப் பழகியவர், அந்தக் கருவி போய் வேறொன்று வந்தால் அதன் முன்னும் உட்காருவார். ஒரே யந்திரத்தின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவரோ, பொத்தான் இடம் மாறிய அன்றே மறுபடியும் துணியைத் தேடுவார்.

இதற்கு நாம் வெளிநாட்டுச் சாட்சியை மட்டும் நம்ப வேண்டுவதில்லை. சீர்காழியில் 1892-ல் பிறந்த ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு அந்தத் தொழிலில் அநுபவமில்லை. வேலையில் அமர்ந்த சில தினங்களிலேயே சலிப்படைந்து, பழைய உத்தியோகத்திற்கே திரும்பிவிட விரும்பினார். இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வந்த பின்பும் பிடிக்கவில்லையென்றால் திரும்பலாமென்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் லண்டன் சென்றார், படித்தார், அந்நாட்டு நூல் நிலையங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு உருவங்கள் செய்வதைப் பார்த்தவருக்கு, புஸ்தகங்களையும் அவ்வாறே கூறு கூறாகப் பகுத்து இணைக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறைக்கு அதுவே வித்து. கற்றுத் திரும்புவதற்கு ஒருவருக்கு அவகாசமும், பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளும் சுதந்திரமும் கொடுத்ததனால் உலகம் அடைந்த லாபம் இது. இங்கும் ஒரு விளையாட்டுச் சாமான் இருப்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

மற்றொரு சாட்சி நியூஜீலந்து தேசத்திலிருந்து வருகிறது. 2000-ம் வருஷம் பிறக்கும்போது தங்கள் பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடு நின்றுவிடும் என்று அங்கே ஹோரோவெனுவா என்னும் பகுதி நூல் நிலையத்தார் அஞ்சினார்கள். பெரும் விலைக்குப் புதிதொன்று வாங்குவதை விட்டு, ஒரு சிறு கம்பெனியின் துணையுடன் தங்கள் தேவைக்கேற்பத் தாங்களே ஒன்றை உருவாக்கச் செய்தார்கள். 2000 ஜனவரியில் அது வேலை செய்யத் தொடங்கியது. பிறகு அதை யாரும் இலவசமாக எடுத்து உபயோகிக்கலாமென்று உலகத்திற்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பெயர் கோஹா. மாவோரி பாஷையில் நன்கொடை என்று பொருள். இன்று நமது தேசத்துக் கலாசாலைகள் பலவற்றின் நூல் நிலையங்கள் அந்த நன்கொடையினால்தான் நடக்கின்றன. கருவியைக் கண்டு பயப்படாத சிப்பந்தி, தனக்கு வேண்டிய கருவி எது என்று சொல்லவும் தகுதி பெறுகிறார்.

இன்று ஏன் இவ்வளவு அவசரம்?

நூல் நிலையத்திற்குப் புஸ்தகம் போதாதா, இணையம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது பதில் இது. பரீட்சை விண்ணப்பம், உதவித்தொகை, பட்டா நகல், பிறப்புச் சான்று ஆகியவை இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே நடக்கின்றன. கையில் போன் இருப்பவர்களுக்கெல்லாம் அது கைவந்துவிட்டதென்று எண்ணுவது தவறு. சினிமா பார்க்கத் தெரிந்தவருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்யத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை.

அன்றியும், இணையத்தில் வஞ்சகர்கள் மலிந்துவிட்டார்கள். சர்க்கார் இலாகாவின் பக்கத்தைப் போலவே போலிப் பக்கம் செய்து பணம் பறிக்கிறார்கள். ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கிப் பாங்குக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். சர்க்கார் பக்கங்களின் முகவரி பெரும்பாலும் ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்றோ, ‘என்.ஐ.சி. டாட் இன்’ என்றோ முடியும் என்பதையும், பணத்தை இழந்தவர் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் ஏழை ஜனங்களுக்கு யார் சொல்வது? கட்டணம் வாங்குகிற கடைக்காரருக்கு அடுத்தவர் காத்திருக்கிறார். கட்டணமின்றி, அவசரமின்றி, யாரும் வந்து கேட்கக்கூடிய இடம் ஊரில் நூல் நிலையம் ஒன்றே.

இன்னொன்றும் உண்டு. கேட்ட கேள்விக்கு மனிதனைப் போலவே வாக்கியமாக விடை சொல்லும் யந்திரங்கள் இப்பொழுது வந்திருக்கின்றன. பல சமயம் அவை நன்றாகவே சொல்கின்றன. சில சமயம் இல்லாததை இருப்பதாகக் கூசாமல் சொல்கின்றன. 2025 மே மாதத்தில் சிகாகோ நகரத் தினசரி ஒன்றின் இணைப்பில், கோடை விடுமுறையில் படிக்கத்தக்க புஸ்தகங்கள் என்று பதினைந்தின் பட்டியல் வெளிவந்தது. அவற்றில் பத்துப் புஸ்தகங்கள் உலகத்தில் எழுதப்படவே இல்லை! பிரபல ஆசிரியர்களின் பெயரில் யந்திரம் கற்பனை செய்ததை, எழுதியவர் சரிபாராமல் கொடுத்துவிட்டார். நமது தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்த பிழையாதலால் வெட்கத்துடனேயே இதைக் கூறுகிறோம். அத்தகைய பட்டியலுடன் ஒரு மாணவன் வந்தால், இது மெய், இது பொய் என்று பிரித்துச் சொல்லத்தக்கவர் நூலகரே. ஆனால் அந்த யந்திரத்தைத் தாமே தொட்டுப் பார்த்திராத நூலகர் எவ்வாறு சொல்வார்?

செய்யத்தக்கது

நூல் நிலையத்தை நடத்துவது தர்மப் பணமன்று. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. அதன்படி நமது ஜனங்கள் சொத்து வரியோடு சேர்த்து, இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி செலுத்துகிறார்கள். வரி கொடுத்தவர்கள் கேட்கும் உரிமையோடு நாம் மூன்று காரியங்களைக் கோருகிறோம்.

முதலாவது, வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒவ்வொரு நூல் நிலையச் சிப்பந்திக்கும் கற்பதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அது உத்தியோக நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள் என்பது உத்தரவே தவிர உதவியன்று.

இரண்டாவது, கற்கும்போது நல்லெண்ணத்துடன் செய்த பிழைக்காக எந்தச் சிப்பந்தியும் ஈடுகட்ட வேண்டியதில்லை என்று எழுத்து மூலம் உத்தரவு பிறக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. வக்கீல் என்ற முறையில் காகிதத்தின் மதிப்பை நாம் அறிவோம்.

மூன்றாவது, சார்லட் நகரத்தார் செய்ததைப் போல் நமக்கேற்ற சிறு பாடங்களின் வரிசை ஒன்று தயாராக வேண்டும். தமிழ் 99 விசைப்பலகையில் தமிழ் அடிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, தேடும்போது விளம்பரத்தையும் விடையையும் பிரித்தறிவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டத்திலும் பழைய நூல்களைக் கண்டெடுப்பது, ஒரு விண்ணப்பத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை பூர்த்தி செய்வது, முடிந்தவுடன் கணக்கிலிருந்து வெளியேறி, அடுத்தவர் கண்ணில் படாதபடி சுவடுகளை அழிப்பது, பேசும் யந்திரத்தைக் கேள்வி கேட்டு, அதன் விடையைப் புஸ்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இவையே முதற் பாடங்களாக இருக்கலாம். இதற்குப் பெருந்தொகை வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை காசில்லாமலே கிடைப்பவை.

வயதானவர்களால் இது ஆகுமா என்று கேட்பவர்கள் நமது முன்னோரின் ஊக்கத்தை மறந்தவர்கள். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினாரே, அன்றைக்கு அதுவும் ஒரு புதிய கருவிதான். கருவி மாட்டு வண்டியானாலென்ன, மின் யந்திரமானாலென்ன, வாசகன் இருக்கும் இடத்திற்கு நூல் நிலையம் செல்ல வேண்டுமென்ற நோக்கம் ஒன்றே.

அன்று நாம் விடைபெறுமுன், “அந்தத் துணியைத்தான் சற்று எடுங்களேன்” என்று அப்பெரியவரிடம் சொன்னோம். தயங்கியபடியே எடுத்தார். யந்திரம் விழித்துக்கொண்டது. அதில் தமிழ் எழுத்து வரவழைப்பது எப்படி என்று அவர் நம்மைக் கேட்டார். ஆங்கிலத்தில் மனுக்கள் அடித்தே பழகிய நமக்கும் அது தெரியவில்லை. மேஜையில் விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்த பள்ளிச் சிறுவனை இருவருமாக அழைத்தோம். அவன் வந்து பத்து நிமிஷத்தில் வழி காட்டினான். பெரியவர் ஒற்றை விரலால் தேடித்தேடித் தமது ஊரின் பெயரை அடித்தார். ஓர் எழுத்துப் பிழையாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடியும் அடித்தார். யந்திரம் கெட்டுப்போகவில்லை.

கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டபடியால் நாம் எழுந்தோம். அந்தத் துணியை அவர் மடித்து மேஜை டிராயரில் வைப்பதைப் பார்த்துவிட்டே வெளியே வந்தோம். அது மறுபடியும் வெளியே வராமலிருக்கச் செய்வது அவர் கையில் மட்டும் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்களின் கையில் இருக்கிறது. ஆனால் காலையில் வந்த அந்தப் பெண் அதற்குள் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள்.